விசில் அடிக்கிற இடத்தில் பயப்படச் சொல்லும் படம்

அறுபது வருட நாவல், இரண்டு பாகங்கள், எட்டு ஆஸ்கர்கள். 'டியூன்' திரைக்கு வந்ததில் வென்றது யார், தோற்றது எது?

'டியூன்' இரண்டாம் பாகத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிறது அந்தக் காட்சி. அராக்கிஸ் கிரகத்தின் தென்பகுதி. பூமிக்கு அடியில் மைதானம் போல விரிந்த மண்டபம். ஃப்ரெமன் எனப்படும் பாலைவன மக்கள் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பால் அட்ரெய்டிஸ் நடந்து வருகிறான். இந்தச் சபையில் பேச வேண்டுமானால் ஒரு குழுவுக்குத் தலைவனாக இருக்க வேண்டும். தலைவனாக வேண்டுமானால் இருக்கிற தலைவனைக் கொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். தலைவர் ஸ்டில்கார் அதற்கும் தயாராக நிற்கிறார், தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பால் மறுக்கிறான். போருக்குக் கிளம்பும்போது எவனாவது தன் கையையே வெட்டிக்கொள்வானா என்று கேட்கிறான். பிறகு கூட்டத்தில் முன்பின் அறியாத ஒருவரைப் பார்த்து, அவருடைய பாட்டியைப் பற்றி அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்கிறான். அந்த மனிதர் வெலவெலத்துப் போகிறார். குரல் ஏறுகிறது, இசை ஏறுகிறது. இறந்துபோன அப்பாவின் முத்திரை மோதிரம் மகன் விரலில் ஏறுகிறது. மண்டபம் அதிர்கிறது. நான் பார்த்த அரங்கில் விசிலும் பறந்தது.

பறக்கத்தான் செய்யும். அப்பாவைப் பறிகொடுத்த பையன், அந்நிய மண், அவனை நம்பும் எளிய மக்கள், துரோகிகளைப் பழிவாங்கப் புறப்படும் நேரம். இந்தக் கதைக்கு எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே மண்டபத்தில் சானி என்ற பெண் இருக்கிறாள். பாலைக் காதலிப்பவள். இந்தத் தீர்க்கதரிசனமெல்லாம் நம்மை அடிமையாக்க வெளியாட்கள் விதைத்தது என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அரங்கில் விசில் அடித்தவர்களும் கொடுக்கவில்லை.

இயக்குநர் டெனி வில்னேவ் வேண்டுமென்றே பின்னிய வலை இது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் வெளியிட்ட நாவலின் உயிர், மீட்பர்களை நம்பாதே என்ற எச்சரிக்கையில் இருக்கிறது. சினிமாவோ, அதுவும் 19 கோடி டாலர் செலவில் ஐமேக்ஸ் திரைக்கு எடுக்கப்படும் சினிமா, மீட்பர்களை உற்பத்தி செய்தே பிழைக்கும் தொழில். இந்த முரணை எப்படித் தாண்டுவது என்பதுதான் ஐம்பது ஆண்டுகளாக இந்த நாவலைத் தொட்ட எல்லோருக்கும் வந்த சிக்கல். வில்னேவ் அதை ஓரளவு தாண்டிவிட்டார். தாண்டுவதற்காக அவர் கழற்றி வைத்த மூட்டைகளும் கொஞ்சமல்ல.

மணலை நிறுத்தப் போன நிருபர்

ஹெர்பர்ட் அடிப்படையில் பத்திரிகைக்காரர். 1957-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரையில் ஃபிளாரன்ஸ் என்ற ஊருக்கு ஒரு கட்டுரைக்காகப் போனார். அங்கே மணற்குன்றுகள் நகர்ந்து வந்து சாலைகளையும் வீடுகளையும் மூடிக்கொண்டிருந்தன. அமெரிக்க விவசாயத் துறை ஒருவகைக் கடற்கரைப் புல்லை நட்டு, வேர்ப்பிடிப்பால் மணலைக் கட்டிப்போடும் முயற்சியில் இறங்கியிருந்தது. சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து மேலேயிருந்து அந்தக் குன்றுகளைப் பார்த்த ஹெர்பர்ட்டுக்கு, கடல் அலையை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது போல இருந்திருக்க வேண்டும். கட்டுரை கடைசிவரை அச்சேறவில்லை. ஆனால் மனிதர் விடவில்லை. பாலைவனங்கள், பாலைவனத்தில் பிறந்த மதங்கள், மீட்பர்களைத் தேடும் சமூகங்கள் என்று வருடக்கணக்காகப் படித்துத் தள்ளினார். அதன் விளைச்சல்தான் 'டியூன்'.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. மணலைப் பிடிக்க நட்ட அந்த ஐரோப்பியப் புல், பிற்பாடு ஆரிகன் கரையில் அளவுக்கு மீறிப் பரவி, உள்ளூர்ச் செடிகளையும் பறவைகளையும் விரட்டத் தொடங்கியது. இன்று அதே கரையில் அதைப் பிடுங்கி எறிந்து மணலைப் பழையபடி நகரவிடும் வேலை நடக்கிறது. ஒரு நிலத்தைத் திருத்தினால் அது திரும்ப என்ன செய்யும் என்பதே தன் தொடர் நாவல்களின் அடிநாதமாக இருந்த ஹெர்பர்ட் இதைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். அவருடைய கதையிலும் அராக்கிஸைப் பசுமையாக்கினால் மணற்புழுக்கள் சாகும். புழுக்கள் செத்தால் ஸ்பைஸ் என்ற பொருள் கிடையாது. ஸ்பைஸ் இல்லையென்றால் விண்வெளிப் போக்குவரத்தே கிடையாது.

நாவல் முதலில் 'அனலாக்' இதழில் 1963-லிருந்து 1965 வரை இரண்டு தொடர்கதைகளாக வந்தது. புத்தகமாக்க இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் எடுத்துக்கொண்டது சில்ட்டன் என்ற பிலடெல்ஃபியா நிறுவனம். கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன இடம் அது. அடுத்த ஆண்டே சிறந்த நாவலுக்கான முதல் நெபுலா விருது அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. ஹியூகோ விருதை ரோஜர் ஸெலாஸ்னியுடன் பகிர்ந்துகொண்டது.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால், காலம் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தையது. பேரண்டம் ஒரு பேரரசரின் கீழ் பிரபு வம்சங்களாகப் பிரிந்து கிடக்கிறது. விண்கலங்கள் வழிதவறாமல் ஓட ஸ்பைஸ் வேண்டும். அது அராக்கிஸ் என்ற ஒரே ஒரு பாலைவனக் கிரகத்தில்தான் விளைகிறது. அந்தக் கிரகத்தை ஹார்கோனன் வம்சத்திடமிருந்து பிடுங்கி அட்ரெய்டிஸ் வம்சத்துக்குக் கொடுக்கிறார் பேரரசர். பரிசு போலத் தெரிகிற அது ஒரு பொறி. பிரபு லேட்டோ கொல்லப்படுகிறார். மகன் பாலும் தாய் ஜெஸிகாவும் பாலைவனத்துக்குள் ஓடி ஃப்ரெமன்களிடம் அடைக்கலமாகிறார்கள். அங்கே ஒரு மீட்பர் வருவார் என்ற நம்பிக்கை தயாராகக் காத்திருக்கிறது. அதை நூற்றாண்டுகளுக்கு முன்பே விதைத்துவிட்டுப் போனவர்கள், ஜெஸிகா சார்ந்திருக்கும் பெனி ஜெஸரிட் என்ற பெண் துறவியர் அமைப்பு. தங்கள் ஆட்கள் எங்காவது மாட்டிக்கொண்டால் தப்பிக்க உதவட்டும் என்று கிரகம் கிரகமாகப் பரப்பிவிட்ட கட்டுக்கதை. பால் அந்தக் கட்டுக்கதைக்குள் தன்னைப் பொருத்திக்கொள்கிறான்.

எடுத்தவர்கள், எடுக்காதவர்கள்

சிலி நாட்டில் பிறந்த அலெஹாந்த்ரோ ஹொடொரோவ்ஸ்கி எழுபதுகளின் நடுவில் இதைப் படமாக்கக் கிளம்பினார். பேரரசராக ஓவியர் சல்வடார் டாலி, வில்லனான ஹார்கோனன் பிரபுவாக ஆர்சன் வெல்ஸ், இசைக்கு பிங்க் ஃபிளாய்ட் என்று திட்டம். ஓவியர் மோபியஸ் காட்சிக்குக் காட்சி வரைந்து கொடுத்தார். ஹாலிவுட் பணம் தரவில்லை, படம் காகிதத்தோடு நின்றது. அந்தக் குழுவில் இருந்த டான் ஓ'பேனனும் ஓவியர் கீகரும் பின்னால் 'ஏலியன்' படத்தில் சேர்ந்தார்கள். எடுக்கப்படாத ஒரு படம் இவ்வளவு விளைச்சல் தந்தது அபூர்வம். அது எடுக்கப்பட்டிருந்தால் ஹெர்பர்ட்டின் கதை அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது வேறு விஷயம். என் ஊகம், கொஞ்சம்தான்.

1984-ல் டேவிட் லிஞ்ச் எடுத்தே விட்டார். நான்கு கோடி டாலர் செலவு, மெக்ஸிகோவில் படப்பிடிப்பு, 137 நிமிடப் படம். நாவலில் ஒவ்வொருவரும் மனதுக்குள் நினைப்பதை எல்லாம் லிஞ்ச் கிசுகிசுப்புக் குரலாகப் பின்னணியில் ஓடவிட்டார். பெயர்களும் பதங்களும் குழப்பும் என்று பயந்து, சில அரங்குகளில் ரசிகர்களுக்குச் சொல்விளக்கப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார்கள். பரீட்சை எழுதப் போகிறவர்களுக்குக் கொடுப்பது போல! படம் விழுந்தது. தொலைக்காட்சிக்காக நீட்டப்பட்ட பதிப்பில் தன் பெயரையே எடுத்துவிடச் சொன்னார் லிஞ்ச்.

அந்தப் படத்தின் அழகுணர்ச்சியை இன்றும் பலர் சிலாகிக்கிறார்கள். எனக்கும் அதன் அரண்மனைகள் பிடிக்கும். ஆனால் கடைசிக் காட்சியில் லிஞ்சின் பால் அராக்கிஸில் மழையை வரவழைக்கிறான். அதாவது அவன் நிஜமாகவே கடவுள். ஹெர்பர்ட் எதைப் பொய் என்று காட்ட இத்தனை பக்கம் எழுதினாரோ, அதைக் கடைசி நிமிடத்தில் படம் மெய் என்று முத்திரை குத்திவிட்டது. ஒரு நாவலை இதைவிடப் பளிச்சென்று தலைகீழாகத் திருப்ப முடியாது.

எச்சில் துப்பும் மரியாதை

கியூபெக்கைச் சேர்ந்த வில்னேவ் முதலில் செய்தது கதையை இரண்டாக வெட்டியது. முதல் பாகம் 2021 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவில் அதே நாளில் ஓடிடியிலும் வெளியிட்டார்கள். அந்த முடிவு அறிவிக்கப்பட்டபோது அதை எதிர்த்துப் பகிரங்கமாகக் கட்டுரை எழுதினார் இயக்குநர். இரண்டாம் பாகத்துக்கு அப்போது யாரும் வாக்குத் தரவில்லை. படம் வெளியான சில நாட்களில்தான் பச்சைக்கொடி கிடைத்தது. 2024 மார்ச்சில் வந்த இரண்டாம் பாகம் உலகெங்கும் 71 கோடி டாலர் வசூலித்தது. முதல் பாகத்துக்கு ஆறு ஆஸ்கர், இரண்டாவதற்கு இரண்டு. இரண்டு முறையும் சிறந்த இயக்குநர் பரிந்துரைப் பட்டியலில் வில்னேவ் பெயரே இல்லை.

அவர் எடுத்த இரண்டாவது முடிவு முக்கியமானது. மனக்குரல் கிடையாது. நாவலில் பாதிப் பேச்சு தலைக்குள் நடக்கிறது. ஒருவர் ஒன்று சொல்ல, எதிரிலிருப்பவர் அதை எடைபோட, எடைபோடுவதை மற்றவர் கவனிக்க என்று சதுரங்கமாகப் போகும். வில்னேவ் அதை வாரிக் கொட்டிவிட்டு, பார்வை, விரலசைவு, மௌனம் ஆகியவற்றை வைத்தார். சிறைப்பட்டிருக்கும்போது அம்மாவும் மகனும் கைஜாடையிலேயே திட்டம் தீட்டுகிறார்கள், நாம் திரையின் அடியில் படித்துக்கொள்கிறோம்.

இது எப்படிப் பலிக்கிறது என்பதற்கு முதல் பாகத்தில் ஒரு காட்சி போதும். ஃப்ரெமன் தலைவர் ஸ்டில்கார் பிரபு லேட்டோவைப் பார்க்க வருகிறார். நிமிர்ந்து நடந்து வந்து, எல்லோர் முன்னாலும் மேஜை மேல் எச்சில் துப்புகிறார். காவலர்கள் வாளுக்குப் போகிறார்கள். ஃப்ரெமன்களோடு பழகிய டங்கன் குறுக்கே வந்து, உங்கள் உடம்பின் ஈரத்தைக் கொடையாகத் தந்ததற்கு நன்றி என்று சொல்லி, தானும் துப்புகிறான். சற்றே தயங்கிய லேட்டோவும் துப்புகிறார். அரங்கில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் ஒரு நாகரிகத்தின் பொருளாதாரம் முழுவதும் இறங்கிவிட்டது. துளி நீரையும் வீணாக்காத ஊரில் அவமானம் எது, மரியாதை எது என்று யாரும் பாடம் நடத்தவில்லை.

அரண்மனை வாசலில் நிற்கும் பேரீச்ச மரங்களும் அப்படித்தான். இருபது மரங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு ஐந்து மனிதர் குடிக்கும் தண்ணீரைக் குடிக்கிறது. இருபது மரம் என்றால் நூறு உயிர். தோட்டக்காரக் கிழவர் இந்தக் கணக்கைச் சொல்ல, அப்படியானால் வெட்டிவிடலாமா என்று பால் கேட்கிறான். வேண்டாம், இவை புனிதமானவை, பழைய கனவு என்கிறார் அவர். ஹார்கோனன் படை வந்து இறங்கும் இரவில் அந்த மரங்கள் வரிசையாகப் பற்றி எரிவதைக் காட்டுகிறார் இயக்குநர். பிரபுவின் வீழ்ச்சியைவிட எனக்கு அதுதான் வலித்தது.

இரண்டாம் பாகத்தில் தண்ணீர் இன்னும் கடுமையாகிறது. ஆரம்பச் சண்டை முடிந்ததும் ஃப்ரெமன்கள் செத்த எதிரிகளின் உடலில் குழாய் செருகி நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். சொந்தக்காரர் இறந்தாலும் அதே முறைதான், ஆனால் அந்த நீர் குகைக்குள் இருக்கும் புனிதக் குளத்தில் சேரும். தாகத்தில் செத்தாலும் அதை யாரும் குடிக்கமாட்டார்கள். அதன் கரையில் நின்று ஜெஸிகா கண் கலங்கும்போது, இறந்தவர்களுக்காகக்கூட ஈரத்தை விட்டுக்கொடுக்காதே என்று தடுக்கிறார் ஸ்டில்கார். நாவலில் பால் தன் கையால் இறந்த ஜாமிஸுக்காக அழுவான். செத்தவனுக்கு நீர் கொடுக்கிறானே என்று ஃப்ரெமன்கள் வாயடைத்துப் போவார்கள், அவனைப் பற்றிய கதை அங்கிருந்தே வளரும். படம் அந்தக் கண்ணீரைச் சேமித்து வைத்து, வேறு இடத்தில் சானியின் கண்ணிலிருந்து எடுக்கிறது. விஷநீர் குடித்து மயங்கிக் கிடக்கும் பாலை எழுப்ப அவள் கண்ணீர் தேவை என்கிறது தீர்க்கதரிசனம். சானிக்கு இஷ்டமில்லை. ஜெஸிகா தன் மந்திரக் குரலால் அவளைக் கட்டாயப்படுத்துகிறாள். பால் கண் விழித்ததும் சானி அவனை ஓங்கி அறைகிறாள். நாவலில் இல்லாத அறை. நாவலுக்கு அவ்வளவு விசுவாசமான அறை.

தொழில்நுட்பத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். ஜோர்டானின் வாடி ரம், அபுதாபியின் பாலைவனம் ஆகிய இடங்களில் நிஜ மணலில் எடுத்தார்கள். ஸ்டூடியோவில் எடுக்கும்போதும் வழக்கமான பச்சைத் திரைக்குப் பதில் மணல் நிறத் திரைகளைக் கட்டினார்கள், வெளிச்சம் முகத்தில் பட்டுத் திரும்பும்போது அது பாலைவன வெளிச்சமாகவே இருக்கட்டும் என்று. ஹார்கோனன் கிரகத்தின் கறுப்புச் சூரியனுக்குக் கீழே நடக்கும் அரங்கச் சண்டையை ஒளிப்பதிவாளர் கிரெக் ஃப்ரேஸர் அகச்சிவப்புக் கேமராவில் கறுப்பு வெள்ளையாக எடுத்தார். தோல் சுண்ணாம்பாக வெளுத்து, கண்கள் மட்டும் ஓட்டைகளாகத் தெரிகின்றன. நிறம் என்பதே இல்லாத ஊரில் வளர்ந்தவன் எப்படி இருப்பான் என்பதற்கு ஃபேட் ரௌத்தாவாக வரும் ஆஸ்டின் பட்லர் ஒரு வசனமும் பேச வேண்டியிருக்கவில்லை. இரண்டு பாகங்களுக்கும் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரை வென்ற குழுக்களின் முதுகெலும்பாக இருந்தது டிஎன்இஜி நிறுவனம். அதற்குச் சென்னையிலும் ஸ்டூடியோ உண்டு. விளக்குப் போட்டதும் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பெயர்ப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர்களைப் பார்க்கலாம்.

ஹான்ஸ் ஸிம்மர் இந்த நாவலைப் பதின்வயதில் படித்தவர், இதற்காக 'டெனட்' வாய்ப்பை விட்டவர். அட்ரெய்டிஸ் வம்சத்துக்கு ஸ்காட்லாந்தின் பைக்குழல், பாலைவனத்துக்கு அடித்தொண்டையிலிருந்து கிளம்பும் பெண் குரல். முதல் பாகத்தில் அது சிலிர்க்க வைத்தது. இரண்டாம் பாகத்தில் அதே மெட்டுகள் ஓங்கி ஓங்கி வரும்போது, கொஞ்சம் மூச்சு விடுங்களேன் என்று கேட்கத் தோன்றியது.

கழற்றி வைத்த மூட்டைகள்

நாவலை நேசிப்பவர்களுக்குப் பெரிய ஏமாற்றம், விருந்துக் காட்சி இல்லாதது. அராக்கிஸுக்கு வந்த புதிதில் லேட்டோ உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கு விருந்து வைப்பார். தண்ணீர் வியாபாரி, கடத்தல்காரன், வங்கிப் பிரதிநிதி, சூழலியலாளர் கைன்ஸ் எல்லாரும் ஒரே மேஜையில். விருந்தினர் கை கழுவித் தண்ணீரைத் தரையில் கொட்ட வேண்டும், துடைத்த ஈரத்துணியைப் பிழிந்து வாசலில் பிச்சைக்காரர்களுக்கு விற்பார்கள். அந்த வழக்கத்தை லேட்டோ நிறுத்துவார். அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைச் சாப்பாட்டு மேஜையில் காட்டிய இடம் அது. படத்தில் பிரபு வம்சங்கள் பறக்கும் கலத்தில் இறங்குகின்றன, வணங்குகின்றன, சாகின்றன. யாரும் வியாபாரம் செய்வதை நாம் பார்க்கவில்லை. ஸ்பைஸுக்காக இத்தனை ரத்தம் சிந்துகிறார்கள், அதை வாங்குகிறவன் யார் என்று படம் நின்று காட்டுவதே இல்லை. விண்வெளிப் பயணத்தின் ஏகபோகத்தைக் கையில் வைத்திருக்கும் வழிகாட்டிகள் சங்கத்தை, நாவலின் முடிவில் பால் மண்டியிட வைப்பது ஒரு பொருளாதார மிரட்டலால்தான். படத்தில் அந்தச் சங்கம் ஏறக்குறைய இல்லை.

இன்னொன்று அதைவிடப் பெரிய இழப்பு. ஹெர்பர்ட்டின் உலகத்தில் கணினி கிடையாது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, சிந்திக்கும் இயந்திரங்களுக்கு எதிராக மனிதகுலம் ஒரு பெரும்போர் நடத்தி, இனி மனித மூளையைப் போல இயந்திரம் செய்யக்கூடாது என்று சட்டமாக்கிவிட்டது. அதனால்தான் கணக்குப் போடப் பயிற்சி பெற்ற மென்டாட் என்ற மனிதர்கள் இருக்கிறார்கள். முதல் பாகத்தில் துஃபிர் ஹவாத்தின் கண்கள் ஒரு நொடி வெள்ளையாகப் புரள, பேரரசரின் தூதுக்குழு வந்துபோன செலவை அவர் வாயால் ஒப்பிப்பார். அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் அந்தப் பாத்திரத்தையே வெட்டிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றி டீக்கடை வரை பேச்சு போயிருக்கும் இந்த நேரத்தில், அறுபது வருடத்துக்கு முன்னால் எழுதி வைக்கப்பட்ட அந்தச் சரடைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது தொடாமல் விடுவார்களா?

அட்ரெய்டிஸ் வீட்டு டாக்டர் யூவேயின் துரோகமும் அடிவாங்கிவிட்டது. அவர் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்பதை நாவல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடும். தெரிந்துகொண்டே அவர் பாலுக்குப் பாசம் காட்டுவதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். படம் அதைத் திருப்பமாக ஒளித்து வைக்கப் பார்த்து, யாருக்கும் அதிர்ச்சியும் தராமல், அவர்மேல் இரக்கமும் வரவழைக்காமல் விட்டுவிட்டது. பேரரசராக வரும் கிறிஸ்டபர் வாக்கன் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போலவே இருக்கிறார்.

பிறகு அரபு விஷயம். ஹெர்பர்ட்டின் ஃப்ரெமன்களின் சொற்களும் சடங்குகளும் வெளிப்படையாக அரபு, இஸ்லாமிய உலகிலிருந்து வந்தவை. காகசஸ் மலையில் ரஷ்யாவை எதிர்த்த இமாம் ஷாமில் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் எழுதிய வரலாற்று நூலிலிருந்தும் அவர் நிறைய எடுத்தார், ஃப்ரெமன் மொழியின் பெயர் உட்பட. நாவலில் தாராளமாக வரும் 'ஜிஹாத்' படத்தில் 'புனிதப் போர்' ஆகிவிட்டது. ஜோர்டானிலும் அபுதாபியிலும் எடுத்த படத்தில் முக்கிய ஃப்ரெமன் வேடங்களில் அரபு வேர் உள்ளவர்கள் அநேகமாக இல்லை. இரண்டாம் பாகத்தில் துனிசிய வேர் கொண்ட சுஹெய்லா யாக்கூப் மட்டும் நினைவுக்கு வருகிறார். சர்ச்சைக்குப் பயந்து செய்தார்களோ என்னவோ, விளைவு இதுதான்: மண்ணை எடுத்துக்கொண்டார்கள், மொழியின் வாசனையை எடுத்துக்கொண்டார்கள், ஆட்களை ஓரமாக நிற்க வைத்தார்கள். ஒரு மக்களின் நம்பிக்கையை வெளியாட்கள் பயன்படுத்திக்கொள்வதைக் கண்டிக்கிற கதையில் இந்த முரண் கண்ணில் உறுத்துகிறது.

சானியின் முகம்

'டியூன்' வெளிவந்தபோது வாசகர்களில் பலர் பாலை மாவீரனாகவே கொண்டாடினார்கள். ஹெர்பர்ட்டுக்கு அது உவப்பாக இல்லை. 1969-ல் வந்த 'டியூன் மெசையா'வில் பன்னிரண்டு ஆண்டு ஆட்சிக்குப் பிறகான பாலைக் காட்டினார். அவன் பெயரால் நடந்த போரில் 6,100 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள். தன்னை ஹிட்லரோடு ஒப்பிட்டு அவனே கணக்குப் பார்க்கிறான். முதல் நாவலைத் தொடராக வெளியிட்ட 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் இதை ஏற்கவில்லை. வீரனைக் கவிழ்த்த கதை அவருக்கு வேண்டாம்.

வில்னேவ் இந்த இரண்டாவது புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு முதல் புத்தகத்தைப் படமாக்கியிருக்கிறார். அதற்காக அவர் பெரிதும் மாற்றிய பாத்திரம் சானி. நாவலில் அவள் பாலின் துணை, அவன் மேல் நம்பிக்கை கொண்டவள், அவன் பிள்ளையைப் பெற்று இழந்தவள். கடைசியில் பால் அரசியலுக்காக இளவரசி இருலானை மணக்கும்போது ஒதுங்கிக்கொள்கிறாள். ஊருக்கு இளவரசி மனைவி, வரலாற்றுக்கு நாம்தான் மனைவிகள் என்று ஜெஸிகா சானியைத் தேற்றுவதோடு நாவல் முடியும். ஜெண்டாயாவின் சானி எதையும் நம்புவதில்லை. வடக்கே இருக்கும் இளைஞர்கள் தீர்க்கதரிசனத்தைக் கேலி செய்பவர்கள், தெற்கே இருப்பவர்கள் தீவிர விசுவாசிகள் என்ற பிரிவையே படம் புதிதாக உண்டாக்கி, அவளை வடக்கு அணியின் நாவாக்கியிருக்கிறது.

இதற்கு எதிர்முனை ஸ்டில்கார். ஹாவியர் பார்டெம் அவரைக் கொஞ்சம் கோமாளியாகவே நடிக்கிறார். நான் மீட்பன் இல்லை என்று பால் சொன்னால், பார்த்தீர்களா என்ன பணிவு, மீட்பனேதான் என்கிறார். அரங்கு குலுங்கிச் சிரிக்கிறது. எந்தக் கட்சி அலுவலகத்திலும் எந்த ரசிகர் மன்றத்திலும் இந்த மனிதரைப் பார்க்கலாம். கேட்பதெல்லாம் சான்றாகிவிடும் மனம் அது. படத்தின் முடிவில் அதே ஸ்டில்கார் வெறி பிடித்த கண்களோடு படையை விண்கலங்களுக்கு ஏற்றி அனுப்பும்போது, முதலில் சிரித்தது தொண்டையில் சிக்குகிறது. சிறந்த இடம். என் கணக்கில் இரண்டு பாகங்களிலும் ஆகச் சிறந்த நடிப்பு பார்டெமுடையதுதான், பாலாக வரும் டிமதி ஷாலமேயுடையது இல்லை.

ஆனால் சானியை இப்படி மாற்றியதில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. நாவலில் எச்சரிக்கை பாலின் தலைக்குள்ளேயே இருக்கிறது. தான் போகும் பாதை எங்கே முடியும் என்று தெரிந்தும், வேறு வழி தேடியும், கடைசியில் அதிலேயே நடக்கிறவனின் திகில் அது. படம் அந்தத் திகிலை அவன் தலையிலிருந்து எடுத்துச் சானியின் முகத்தில் ஒட்டிவிட்டது. கடைசி அரை மணி நேரத்தில் என்ன நடந்தாலும் கேமரா அவள் முகத்துக்குத் தாவுகிறது: அவள் வெறுக்கிறாள், எனவே நாமும் வெறுக்க வேண்டும். விசில் அடித்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்தார்களா, அல்லது கோபித்துக்கொண்ட காதலி என்று கடந்துபோனார்களா? எனக்கு இரண்டாவதுதான் அதிகம் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. அரசியல் மறுப்பும் காதல் தோல்வியும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் வந்தால், நம் கண் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சினிமாக்காரர்களுக்குத் தெரியாதா என்ன.

அப்படியும் வில்னேவின் முடிவு லிஞ்சின் மழையைவிடப் பல மடங்கு நேர்மையானது. பிரபு வம்சங்கள் புதிய பேரரசரை ஏற்க மறுக்க, அவர்களைச் சொர்க்கத்துக்கு அனுப்பிவையுங்கள் என்று ஃப்ரெமன்களை ஏவிவிடுகிறான் பால். போர் தொடங்குகிறது. நாவல் சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லிவிட்டது. சானி யாருக்கும் தலை வணங்காமல் வெளியேறி, தனியாக ஒரு புழுவை அழைக்கிறாள்.

மூன்றாம் பாகம் 'டியூன் மெசையா'வைத் தழுவி வரும், 2026 டிசம்பரில் வெளியீடு என்று அறிவித்திருக்கிறார்கள். இங்கேதான் வில்னேவ் தனக்குத் தானே போட்ட முடிச்சு இறுகுகிறது. அந்த நாவலின் சானி பாலின் அரண்மனையில் அவனோடு வாழ்கிறாள். அவன் பிள்ளையைச் சுமக்க ஏங்குகிறாள், அந்தப் பேறுகாலத்தைச் சுற்றித்தான் சூழ்ச்சி முழுக்கப் பின்னப்பட்டிருக்கிறது. புழு ஏறிப் போனவளைத் திரும்ப அரண்மனைக்கு அழைத்துவந்தால், இரண்டாம் பாகத்தில் அவள் சொன்ன 'முடியாது' செல்லாததாகிவிடும். அழைத்துவராவிட்டால் ஹெர்பர்ட்டின் கதைக்கு அச்சாணியே இல்லை. பாலை வீழ்த்துவது சுலபம், அதை நாவலே செய்து வைத்திருக்கிறது. நாவலில் இல்லாத ஒரு சானியை உருவாக்கியவர், அவளுக்கென்று நாவலில் இல்லாத ஒரு கதையையும் எழுதியாக வேண்டும். இதுவரை அவர் செய்ததெல்லாம் வெட்டும் வேலை. இனிமேல்தான் எழுத வேண்டும்.